முந்நூறு பேருக்கு மேல் வேண்டாம் என்றால்
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. காடுகளுக்கும் மலைகளுக்கும் செல்வோர் எண்ணிக்கைக்கு விதிக்கப்படும் வரம்பு நியாயமானதா, அந்த வரம்பை யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இப்பக்கங்களை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: குக்கே சுப்பிரமணியரைத் தரிசித்துவிட்டு, அலுவலக நண்பர்களுடன் குமாரபர்வதம் ஏறுவதாக இருந்தோம். இணையத்தில் முன்பதிவு செய்ய முயன்றபோது அந்த வாரம் முழுவதும் இடமில்லை என்று வந்தது. என் தந்தையார் எழுபதுகளில் யாரிடமும் அனுமதி கேளாமல் ஏறிய மலை அது. வரி கட்டும் குடிமகனுக்கு மலை ஏறக்கூட உரிமையில்லையா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: தங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. முருகன் பெயரைத் தாங்கிய மலையின் அடிவாரம் வரை சென்றுவிட்டு ஏறாமல் திரும்புவது நம்மவர்களுக்கு எளிதான காரியமன்று. ஆனால் தங்கள் தந்தையார் காலத்தைக் குறிப்பிட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 16 லட்சம் பேர். 2011-இல் அந்த எண்ணிக்கை 84 லட்சத்தைத் தாண்டியது. இன்று அதைவிட மிகவும் கூடியிருக்கும். அன்று சொந்தக் கார் வைத்திருந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். இன்று வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலோ நெலமங்களா சுங்கச்சாவடியிலோ நின்று பார்த்தால், நகரமே ஊரைக் காலி செய்துகொண்டு போவது போலிருக்கும். நகரம் இப்படிப் பெருகிவிட்ட நிலையிலும் குமாரபர்வதம் அதே 1,712 மீட்டர் உயரத்தில், அதே ஒற்றையடிப் பாதையோடுதான் நிற்கிறது.

2024 ஜனவரியில் குடியரசு தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. அந்த நாள்களில் குமாரபர்வதத்தின் பாதையில் ஆயிரக்கணக்கானோர் ஒருவர் முதுகில் ஒருவர் இடிபட நின்ற காட்சிகள் கைப்பேசிகளில் பரவியதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகுதான் கர்நாடக வனத்துறை, இணையவழி முன்பதிவு இல்லாத மலையேற்றப் பாதைகளை மூடியது. அந்த ஆண்டு அக்டோபரில் ‘அரண்ய விஹாரா’ என்ற தளத்தின் வழியாக முன்பதிவு தொடங்கப்பட்டது. பாதை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற உச்சவரம்பும் வந்தது.

கூட்டம் அதிகமானால் மலைக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் குப்பையை மட்டுமே நினைக்கிறார்கள். குப்பையைப் பொறுக்கிவிடலாம். காலடிகளால் வரும் கேட்டைப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே ஆட்கள் வரும்போது, ஒதுங்குகிறவர் பாதைக்கு வெளியே புல்லின்மேல் கால் வைக்கிறார். ஒரு நாளில் ஆயிரம் பேர் அப்படி ஒதுங்கினால் ஓரத்துப் புல் செத்து, இரண்டடிப் பாதை ஆறடியாகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது அந்தப் பாதையே ஓடையாகி, மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மலை உச்சிப் புல்வெளிகளில் மேல்மண் மிகவும் மெல்லியது. ஒருமுறை அரித்துப் போனால் நம் ஆயுளில் அது திரும்புவதில்லை. நெட்டைக்காலி போன்ற பறவைகள் தரையில் புல்லுக்கிடையேதான் கூடு கட்டுகின்றன. காலணிகளில் ஒட்டிவரும் பார்த்தீனியம் போன்ற களைகளின் விதைகளும் உச்சி வரை ஏறிவிடுகின்றன.

உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். மலை எல்லோருக்கும் சொந்தம் என்பதை நானும் நம்புகிறேன். அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லில், 2050-இல் மலையேற விரும்பும் தங்கள் பேரனும் அடக்கம். விடுமுறை நாள்களைத் தவிர்த்து, புதன் அல்லது வியாழக்கிழமைக்கு முயன்று பாருங்கள். இடம் கிடைப்பதற்கான வாய்ப்பு அதிகம். பாதையிலும் கூட்டம் குறைவாக இருக்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். முந்நூறு என்கிறார்கள், இத்தனை வண்டிகள் என்கிறார்கள். இந்த எண்களுக்கு ஏதேனும் கணக்கு உண்டா, அல்லது அதிகாரிகள் மனத்தில் தோன்றியதா?
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: கணக்கு உண்டு. அது எல்லா இடங்களிலும் ஒழுங்காகப் போடப்படுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புலிகள் காப்பகங்களுக்கு எழுத்தில் வகுக்கப்பட்ட முறை ஒன்று இருக்கிறது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலங்களில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. அதையடுத்துத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் புதிய நெறிமுறைகளை வெளியிட, அக்டோபரில் தடை விலக்கப்பட்டது. உள்மண்டலத்தின் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நெறிமுறைகளில் முக்கியமானது.

அதே ஆவணத்தில்தான் ‘தாங்கும் திறன்’ என்னும் கணக்கும் வருகிறது. தாங்கள் பொறியாளர் என்பதால் சுருங்கச் சொன்னாலே விளங்கிவிடும். முதல் படியில், வண்டி ஓடத்தக்க சாலையின் நீளத்தையும் இரண்டு வண்டிகளுக்கு இடையே இருக்கவேண்டிய தொலைவையும் ஒரு நாளில் எத்தனை சுற்றுகள் சாத்தியம் என்பதையும் வைத்து ஓர் எண்ணைக் காண்கிறார்கள். இரண்டாம் படியில் மழைக்காலம், சாலை அரிப்பு, விலங்குகளுக்கு நேரும் இடையூறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். மூன்றாம் படியில், கண்காணிப்பதற்கு வேண்டிய பணியாளர்களில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த விகிதத்தில் மேலும் குறைக்கிறார்கள். நூறு பேர் உட்காரக்கூடிய கல்யாண மண்டபமே ஆனாலும், பரிமாறுவதற்கு நால்வர்தான் இருக்கிறார்கள் என்றால் எத்தனை இலை போடலாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கணக்கிடுவார்களே, ஏறத்தாழ அதுதான்.

இதில் என் கவலை மூன்றாம் படியைப் பற்றியது. 2025 நவம்பரில் பண்டிப்பூர், நாகரஹொளே காடுகளை ஒட்டிய கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததையடுத்து, இரு காப்பகங்களிலும் சஃபாரியை நிறுத்திவிட்டு, அந்தப் பணியாளர்களைப் புலியைத் தேடும் பணிக்கு அனுப்ப அரசு உத்தரவிட்டது. சஃபாரி வண்டிகளின் இரைச்சலால்தான் புலிகள் வயல்களுக்கு வருகின்றன என்று விவசாயிகள் தரப்பில் கூறப்பட்டது. அது நிறுவப்பட்ட உண்மையாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த உத்தரவு ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது. கிராமத்து மனிதரின் உயிரைக் காக்க வேண்டிய ஆட்களும், நமக்குப் புலி காட்டுவதற்காக வண்டியோட்டும் ஆட்களும் ஒரே கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறார்கள். இருக்கும் பணியாளர்களைப் பார்த்து வண்டிகளின் எண்ணிக்கையை வகுக்க வேண்டும். காட்டைச் சுற்றியுள்ள விடுதி அறைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வகுத்தால், அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே தவறாகிவிடும்.

விலங்குக்கு நேரும் இடையூற்றை எப்படி அளக்க முடியும் என்றும் தங்களுக்குத் தோன்றலாம். புலியின் எச்சத்திலிருந்து அதன் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களை அளக்கிறார்கள். கன்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுலாப் பருவத்தில் அந்த அளவு கூடியிருந்தது தெரியவந்தது. ஆய்வு இல்லாமலும் நான் இதை ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். மைசூருக்கு அப்பால் ஒரு காட்டில், மூன்று குட்டிகளுடன் ஒரு பெண்புலி சாலையைக் கடந்து நீர்நிலைக்குச் செல்ல முயன்றது. புள்ளிமான் கத்தியதைக் கேட்டு இரு புறமிருந்தும் ஒன்பது வண்டிகள் வந்து நின்றுவிட்டன. புலி புதரிலிருந்து தலையை நீட்டும், வண்டி ஒன்று சற்று முன்னே நகரும், அது பின்வாங்கும். நாற்பது நிமிடங்கள் இப்படியே சென்றபின், குட்டிகளை அழைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே அது உண்ணிச்செடிப் புதருக்குள் திரும்பிவிட்டது. அந்த ஒன்பது வண்டிகளுள் ஒன்றில் நானும் என் மனைவியும் இருந்தோம். அன்று இரவு எங்கள் இருவருக்கும் உணவு இறங்கவில்லை.

கேள்வி: வரம்பு, வரம்பு என்கிறார்கள். ஆனால் பணம் உள்ளவர்களுக்கு எப்போதும் ஜீப்பில் இடம் கிடைக்கிறதே? என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளை ஒருமுறை காட்டுக்கு அழைத்துப் போவதென்றால் எங்கள் ஒரு மாத வாடகையே போய்விடும். இது ஏழைகளைத் தள்ளி வைப்பதற்கான வழியாகத்தான் எனக்குத் தெரிகிறது.
– ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் தங்கள் கடிதத்தைத்தான் நான் பலமுறை படித்தேன். வரம்பு தேவை என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

கூட்டத்தைக் குறைப்பதற்குப் பல வழிகள் உண்டு. கட்டணத்தை ஏற்றிவிடுவது நிர்வாகத்துக்கு மிக எளிதானது. வருவாயும் கூடும், கூட்டமும் குறையும். ஆனால் அப்படிக் குறைவது தங்களைப் போன்றவர்களின் கூட்டம் மட்டுமே. திருமலையை எண்ணிப் பாருங்கள். 300 ரூபாய்ச் சீட்டு எடுப்பவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதோடு கட்டணமே இல்லாத சர்வ தரிசன வரிசையும் இருக்கிறது. காத்திருக்கும் நேரம் கூடலாம், ஆனால் காசில்லை என்பதற்காக ஒருவர் பெருமாளைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. புலிகள் காப்பகங்களில் அந்த இரண்டாவது வரிசை பெரும்பாலும் இல்லை என்பதுதான் என் மனக்குறையும்.

வேறு வழிகள் இருக்கின்றன. மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு அங்கே கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. அங்கே எத்தனை விலையுயர்ந்த காரில் வந்தாலும் அதைக் கீழேயே நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் சில வாரங்களுக்குப் பூங்காவின் சுற்றுலாப் பகுதியை அடியோடு மூடிவிடுகிறார்கள். அமைச்சர் குடும்பமும் ஆட்டோக்காரர் குடும்பமும் ஒரே பேருந்தில் போகும்போது, காட்டுக்குள் வண்டிகளும் குறைகின்றன, ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவும் குறைகிறது. அமெரிக்காவில் சயான் என்னும் தேசியப் பூங்காவிலும் 2000-ஆம் ஆண்டு முதல் நெரிசல் மிகுந்த பள்ளத்தாக்குச் சாலையில் பருவகாலம் முழுவதும் பூங்காவின் பேருந்துகளே ஓடுகின்றன. அங்கேயே, மிகக் குறுகிய ஒரு மலைமுகட்டுப் பாதைக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்குகிறார்கள். பருவத்துக்கு முன் ஒரு குலுக்கல், முந்தைய நாள் ஒரு குலுக்கல். ஜீப்புகளைக் குறைத்துப் பேருந்துகளைக் கூட்டி, அதில் ஒரு பங்கு இருக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் குலுக்கலுக்கு விடுவது பண்டிப்பூரிலும் நாகரஹொளேயிலும் முடியாத காரியமன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் எல்லோரையும்விடக் கடுமையாகக் காட்டிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர்கள் ஜேனு குருபர் போன்ற பழங்குடிகள். தேன் எடுத்து வாழ்ந்த அந்தக் குடும்பங்கள் எழுபதுகளிலிருந்து நாகரஹொளேயை விட்டு வெளியேற்றப்பட்டன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபின்னும் அவர்களில் பலர் தங்கள் மூதாதையர் நிலத்துக்காக மனுவோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் தாத்தாவின் சமாதி இருக்கும் இடத்தைக் கடந்துதான் நம் சஃபாரி வண்டி போகிறது. வரம்பு பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்களுக்கு முதல் இடம் தரப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

கேள்வி: மே மாதம் காரில் ஊட்டி செல்ல இருக்கிறோம். இ-பாஸ் கட்டாயமா? பண்டிப்பூர் வழியாக இரவில் போகலாமா?
– ஒரு வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் நம் ஊர் ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. புறப்படும் வாரத்தில் அப்போதைய விதியை அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து 2009-ஆம் ஆண்டிலிருந்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த ஒன்பது மணி நேரத்தில்தான் யானையும் காட்டெருதும் அச்சமின்றிச் சாலையைக் கடக்கின்றன. இயன்றால் பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு ஓடும் அரசுப் பேருந்தில் செல்லுங்கள். பேருந்துப் பயணிகளுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது.

கேள்வி: ஓரிடத்தில் தடுத்தால் கூட்டம் வேறிடத்துக்குத்தானே போகும்? குமாரபர்வதத்தைக் காப்பாற்றிவிட்டு வேறொரு மலையைப் பலிகொடுப்பதில் என்ன பயன்?
– ஒரு வாசகி, ஃப்ரேஸர் டவுன்

பதில்: தாங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. ஓர் ஏரியின் மதகை மட்டும் அடைத்தால் தண்ணீர் பலவீனமான கரையைத் தேடிப் போகும். ஒரு மலைக்கு மட்டும் வரம்பு விதிப்பதும் அப்படியே, வரம்பில்லாத அடுத்த மலையில் போய் முடிகிறது. ஆகவே வரம்பு ஒரு மாவட்டத்தின் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே சமயத்தில் வரவேண்டும். தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை ஒரே தளத்தின்கீழ்க் கொண்டுவந்து முன்பதிவைத் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் பல பாதைகளைத் திறந்ததால், ஒன்றின்மேல் விழும் சுமை பிறவற்றுக்குப் பகிரப்பட வழியிருக்கிறது.

சில இடங்களை முற்றிலும் மூடுவதும் தேவைப்படலாம். இமயத்தில் நந்தாதேவியைச் சுற்றியுள்ள உள்வட்டம் எண்பதுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மலையேறுவோர் விட்டுச்சென்ற குப்பையும் விறகுக்காக வெட்டப்பட்ட மரங்களும் அதற்குக் காரணம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பொதுமக்களுக்கு மூடியே இருக்கிறது. பெங்களூருக்கு அருகில் அத்தகைய முடிவு எதற்கும் தேவை வரவில்லை. ஆனால் நகரத்துக்குள்ளேயே மக்கள் காலார நடக்க மரநிழல் இருந்தால், எல்லோரும் எல்லா விடுமுறைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஓட வேண்டியதில்லை. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய காப்பு வளையத்தின் பரப்பு 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020-இல் இறுதி அறிவிப்பு வந்தபோது அது 168.84 ஆகச் சுருங்கிவிட்டது. வாசலில் ஆள்களை எண்ணி உள்ளே விடுகிற அதே ஆண்டுகளில், வீட்டின் சுற்றுச்சுவரை உள்ளே தள்ளிக் கட்டியது போன்ற செயல் இது. இதைப் பற்றி எழுந்த குரல், முன்பதிவில் இடம் கிடைக்கவில்லை என்று எழும் குரலில் பாதிகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரைக் காட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தாங்கள் எழுதுவதைப் படித்தபின், அழைத்துச் செல்வதே தவறோ என்ற தயக்கம் வந்துவிட்டது.
– ஓர் ஆசிரியை, ஜீவன்பீமா நகர்

பதில்: தயங்காதீர்கள், கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். காட்டைப் பார்க்காமல் வளரும் பிள்ளை, நாளைக்கு அந்தக் காட்டின் நடுவே சாலை போடும் கோப்பில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடும்.

ஆனால் முதல் பயணம் புலியைத் தேடியதாக இருக்க வேண்டாம். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு காலை நீர்க்காகங்களையும் நாரைகளையும் எண்ணச் சொல்லுங்கள். லால்பாக்கில் கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறையின்மேல் உட்காரவைத்து, அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது என்று சொல்லுங்கள். அதன் பிறகு பன்னேர்கட்டா. அங்கே பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பேருந்தில் அழைத்துப்போய்ச் சிங்கமும் புலியும் காட்டுவது வேலியிட்ட உயிரியல் பூங்காவில். தேசியப் பூங்கா என்பது அதற்கு அப்பால் 260 சதுர கிலோமீட்டருக்கு விரியும் காடு. அதன் யானைகள்தான் ராகி விளையும் பருவத்தில் ஜவளகிரி, தளி வழியாக நம் ஓசூர்ப் பக்கம் வருகின்றன. வேலிக்கு உள்ளே போகப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது, வேலிக்கு அப்பாலுள்ள காட்டுக்குள் ஏன் விடவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடையை அவர்களையே யோசிக்க விடுங்கள்.

நாற்பது பேர் என்றால் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு சஃபாரிப் பேருந்தில் இருக்கும்போது மற்றதை 2006-இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அனுப்புங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. செவ்வாய்க்கிழமையும் வேண்டாம், அன்று பூங்காவுக்கு விடுமுறை.